கைவிடப்பட்ட வி.ஆர். ஹெட்செட்டை விற்று, அதை மறைக்க என் கணினியின் அப்டேட்டையும் முடக்கினார்கள்: ஓர் எச்சரிக்கைப் பதிவு

கணினியில் விளையாடுவதற்காக, தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும் வி.ஆர். ஹெட்செட்டையும் கையில் பிடிக்கும் அதன் கன்ட்ரோலர்களையும் பழையதாகவோ புதுப்பிக்கப்பட்டதாகவோ வாங்க நினைப்பவர்கள், அதிலும் வீட்டுக்கே வந்து எல்லாவற்றையும் அமைத்துத் தருவதாகச் சொல்லும் விற்பனையாளரிடம் வாங்க நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு விற்கப்பட்டது, அதை இயக்கும் மென்பொருளை உருவாக்கிய நிறுவனமே வெளிப்படையாக அறிவித்துக் கைவிட்ட ஒரு கருவி. விற்றவருக்கு அது நன்றாகத் தெரியும். அந்த உண்மை என் கண்ணில் படாமல் இருப்பதற்காக என் கணினியின் இயங்குதளத்தைப் பழைய பதிப்புக்கு மாற்றி, புதிய பதிப்பு இனி வரவே முடியாதபடி பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஹெட்செட் வீணானதைவிட இந்த இரண்டாவது செயல்தான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற வி.ஆர். தளத்தைக் கொண்டுவந்தது. ஏசர், டெல், லெனோவோ, சாம்சங், எச்பி ஆகிய நிறுவனங்கள் அந்தத் தளத்துக்கான ஹெட்செட்டுகளைத் தயாரித்தன. அறையின் மூலைகளில் எதையும் பொருத்தாமல், ஹெட்செட்டின் முகப்பிலுள்ள கேமராக்களே கன்ட்ரோலர்களின் ஒளிப்புள்ளிகளைப் பார்த்து அவற்றின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறை என்பதால் அமைப்பது எளிதாக இருந்தது. திரைத் தெளிவிலும் சில மாடல்கள் சிறப்பாகவே இருந்தன. ஆனால் 2023 டிசம்பரில், இந்தத் தளம் கைவிடப்படுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து அது முற்றிலுமாக நீக்கப்பட்டது. 23எச்2 பதிப்பிலேயே தங்கியிருப்பவர்கள் மட்டும் 2026 நவம்பர் வரை ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளத்தின் வழியாக இந்த ஹெட்செட்டுகளைப் பயன்படுத்தலாம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. அதே 23எச்2 பதிப்பின் ஹோம், ப்ரோ வகைகளுக்கான பாதுகாப்பு அப்டேட்டுகளோ 2025 நவம்பர் 11ஆம் தேதியுடன் நின்றுவிட்டன. அதாவது, பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இந்த ஹெட்செட்டை அதன் சொந்த மென்பொருளுடன் இயக்க வேண்டுமானால், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத ஓர் இயங்குதளத்தில் கணினியை நிறுத்தி வைக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகு ஒருவர் விரும்பி வாங்கினால் அது அவருடைய முடிவு. இதில் ஒரு வரிகூட எனக்குச் சொல்லப்படவில்லை.

நான் வாங்கும்போது கேட்ட முதல் கேள்வியே, என் கணினியில் விண்டோஸ் 11இன் அண்மைப் பதிப்பு இருக்கிறது, அதில் இது வேலை செய்யுமா என்பதுதான். "எல்லா விண்டோஸ் கணினிகளிலும் வேலை செய்யும், நாங்களே வந்து அமைத்துத் தருகிறோம்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. அமைக்க வந்தவர் கணினியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, தேவையற்ற மென்பொருள்கள் அதிகமாக இருப்பதால் படம் திக்கும், இயங்குதளத்தைச் சுத்தமாக மீண்டும் நிறுவினால்தான் வி.ஆர். சீராக ஓடும் என்றார். நம்பும்படியான காரணம்தான், நொடிக்கு 90 முறை படம் மாற வேண்டிய ஹெட்செட்டில் ஒவ்வொரு படத்தையும் சுமார் 11 மில்லிநொடிக்குள் கணினி வரைந்து முடிக்க வேண்டும், அது தவறினால் தலைச்சுற்றலும் குமட்டலும் வரும் என்பது உண்மை. கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்த பின் அவர் நிறுவியது 23எச்2 பதிப்பை. அதன் பிறகு, விண்டோஸின் உள் அமைப்புகள் பதியப்படும் ரெஜிஸ்ட்ரியில், பதிப்பை 23எச்2இலேயே நிறுத்தும் கொள்கை ஒன்றை எழுதி, போதாதென்று விண்டோஸ் அப்டேட் சேவையையும் முடக்கியிருக்கிறார். இவை எல்லாம் "வேகத்துக்கான அமைப்புகள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டன. அமைப்புக் கட்டணத்தில் அதற்கென்று தனியாக ஒரு தொகையும் சேர்க்கப்பட்டது.

செய்து காட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே முறையைப் பலர் பின்பற்றக்கூடும். அசைவு குறைந்த ஒரு காட்சியை ஓடவிட்டு, நன்கு வெளிச்சமான அறையில், நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படிப்பட்ட காட்சியில் கணினி திணறினாலும் கண்ணுக்குத் தெரியாது. விடுபட்ட படங்களுக்குப் பதிலாக முந்தைய படத்தையே தலையின் திருப்பத்துக்கேற்ப நகர்த்தி வி.ஆர். மென்பொருளே காட்டிவிடும். கன்ட்ரோலர்களை முதுகுக்குப் பின்னாலோ இடுப்புக்குக் கீழோ கொண்டுபோகவும் சொல்லவில்லை. கேமராவின் பார்வைக்கு அப்பால் கை போகும்போதுதான் இந்த வகைக் கன்ட்ரோலர்களின் பலவீனம் தெரியும். வில்லின் நாணை இழுக்கும்போதும் தோளுக்குப் பின்னிருந்து ஆயுதத்தை எடுக்கும்போதும் கை காற்றில் எங்கோ மிதப்பதை நான் பிறகுதான் பார்த்தேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு மென்பொருளை நிறுவ முயன்றபோது, இயங்குதளத்தின் பதிப்பு பழையது என்ற செய்தி வந்தது. அப்டேட் பக்கத்தைத் திறந்தால், சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி மேலே நிற்கிறது. இது வீட்டுக் கணினி. எந்த நிறுவனத்துக்கும் இதில் தொடர்பில்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு தேடியபோதுதான் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்பட்டிருந்த கொள்கை, முடக்கப்பட்ட சேவை, இடைப்பட்ட காலம் முழுவதும் ஒரு பாதுகாப்புத் திருத்தம்கூட வந்திராதது எல்லாம் வெளிவந்தன. இதே கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்த்தேன், வீட்டிலுள்ளவர்களின் ஆவணங்களை வைத்திருந்தேன். தடைகளை நீக்கிக் கணினியை அண்மைப் பதிப்புக்குக் கொண்டுவந்ததும், எதிர்பார்த்தபடியே ஹெட்செட்டை இயக்கும் மிக்ஸ்டு ரியாலிட்டி போர்ட்டல் செயலி மறைந்தது. ஹெட்செட் கண்டறியப்படவில்லை என்று 108ஆம் எண் பிழையைக் காட்டி, ஸ்டீமின் வி.ஆர். மென்பொருளான ஸ்டீம் வி.ஆர். நின்றுவிட்டது.

விற்பனையாளரிடம் எழுதிக் கேட்டபோது முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். அதன் பிறகு யு.எஸ்.பி. கார்டு ஒன்றை வாங்கச் சொன்னார்கள். நான் மைக்ரோசாஃப்டின் அறிவிப்பையும் அவர்களே எழுதிய பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பிய பின், உத்தரவாதம் வன்பொருளுக்கு மட்டுமே, இயங்குதளத்தை மாற்றியது வாடிக்கையாளர் என்பதால் பொறுப்பேற்க முடியாது என்று முடித்துக்கொண்டார்கள். பூட்டு போட்டவர் அவர்கள் அனுப்பிய ஆள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. புகாரைப் பணம் செலுத்திய வழியிலும் நுகர்வோர் குறைதீர்ப்பு வழியிலும் எழுத்தாகக் கொடுத்திருக்கிறேன். வாங்கும் முன் வந்த அந்த ஒற்றை வரிப் பதிலைச் சேமித்து வைத்திருந்ததுதான் அதற்கு அடிப்படையாக நிற்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. 2025இல் ஓயாசிஸ் என்ற பெயரில் ஒரு தனி டிரைவர் ஸ்டீமில் இலவசமாக வெளியானது. நீக்கப்பட்ட போர்ட்டல் இல்லாமலேயே இந்த ஹெட்செட்டுகளை ஸ்டீம் வி.ஆருடன் அது இணைக்கிறது. ஆனால் என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளுடன் மட்டுமே அது வேலை செய்யும், என்னுடையது ஏஎம்டி. என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே இத்தகைய ஹெட்செட் வாங்கி ஏமாந்திருந்தால், அதைத் தூக்கிப் போடும் முன் இதை முயன்று பார்க்கலாம். இந்த டிரைவரைக் காட்டி யாராவது இன்று உங்களுக்குப் புதிதாக விற்க வந்தால், உங்கள் கார்டு எது என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள்.

"விளையாட்டுகளும் இலவசம்" என்று சேர்த்துக் கொடுக்கப்பட்டதும் ஏமாற்றுதான். அவை அமைக்க வந்தவருடைய ஸ்டீம் கணக்கில் இருந்த விளையாட்டுகள். அந்தக் கணக்கிலேயே என் கணினியில் உள்நுழைந்து விட்டுவிட்டுப் போனார். கடவுச்சொல் மாற்றப்பட்ட அன்றே எல்லாம் போயின. கணக்கைப் பிறருக்கு விற்பதையோ பகிர்வதையோ ஸ்டீமின் பயனர் ஒப்பந்தமே அனுமதிப்பதில்லை. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கப்படாத விளையாட்டு உங்களுடையது அல்ல.

என் அனுபவத்துக்குப் பிறகு மற்ற வகை ஹெட்செட்டுகளின் விற்பனை விளம்பரங்களையும் கவனித்துப் படிக்கத் தொடங்கினேன், அவற்றிலும் இதே "எதிலும் வேலை செய்யும்" என்ற வாக்கியம்தான் வலையாக விரிக்கப்படுகிறது. ஹெட்செட்டின் இருப்பிடத்தைக் கண்டறிவதற்காக அறையில் பொருத்தப்பட்டு லேசர் கற்றையால் அறையை வருடும் பேஸ் ஸ்டேஷன்களில் இரண்டு தலைமுறைகள் உள்ளன: 2016இல் வந்த முதல் வைவ் ஹெட்செட்டும் அதன் கன்ட்ரோலர்களும் 1.0 பேஸ் ஸ்டேஷனுடன் மட்டுமே இயங்கும். வால்வ் இண்டெக்ஸ் ஹெட்செட் இரண்டுடனும் இயங்கும் என்றாலும், ஒரே அறையில் ஒரு 1.0, ஒரு 2.0 என்று கலந்து வைத்தால் வேலை செய்யாது. முன்பக்கம் வளைந்திருப்பது 2.0. தனித்தனியாகச் சேகரித்த உதிரிகளை ஒரு செட் என்று விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. ரிஃப்ட் எஸ், இண்டெக்ஸ் ஆகிய ஹெட்செட்டுகள் டிஸ்ப்ளே போர்ட் என்ற காட்சி இணைப்பில் மட்டுமே இணைபவை. எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள மடிக்கணினிக்கு ஒரு சிறிய இணைப்பானைப் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இணைப்பான் டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குச் செல்லும் திசையில் மட்டுமே வேலை செய்யும், எதிர்த்திசையில் செய்யாது. பிளேஸ்டேஷன் வி.ஆர்.2 ஹெட்செட்டுக்கு 2024 ஆகஸ்டில் கணினி அடாப்டர் வந்தது உண்மைதான், ஆனால் அதற்கு டிஸ்ப்ளே போர்ட் 1.4 கேபிளைத் தனியாக வாங்க வேண்டும், கன்ட்ரோலர்களுக்குக் கணினியில் ப்ளூடூத் வேண்டும், கண் அசைவைக் கண்டறியும் வசதி கணினியில் அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டைப் பழையதாக வாங்கினால், உங்கள் முன்னிலையிலேயே அதை முழுமையாக அழித்து உங்கள் கணக்கில் இணைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அதனுடன், கணினியில் இணைப்பதற்கான "லிங்க் கேபிள்" என்று தரப்படுவது பல நேரங்களில் நொடிக்கு 480 மெகாபிட் மட்டுமே கடத்தும் யு.எஸ்.பி. 2.0 சார்ஜிங் கேபிள், யு.எஸ்.பி. 3 என்றால் 5 கிகாபிட். முனையின் வடிவம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். கணினியிலுள்ள லிங்க் செயலியிலேயே கேபிளின் வேகத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கணினிகளில் ஒட்டப்படும் "வி.ஆர். ரெடி" என்ற ஒட்டுவில்லையும் அப்படித்தான். 2016இல் ரிஃப்ட், வைவ் ஆகியவற்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 970 கிராபிக்ஸ் கார்டு, இரு கண்களுக்கும் சேர்த்து 2160க்கு 1200 புள்ளிகள் கொண்ட திரையை ஓட்டுவதற்கானது. குவெஸ்ட் 3இல் ஒரு கண்ணுக்கே 2064க்கு 2208 புள்ளிகள். மொத்தத்தில் சுமார் மூன்றரை மடங்கு. எந்த ஹெட்செட்டுக்கு ரெடி என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பழைய ஹெட்செட்டின் திரையில் வெள்ளைக் காட்சியை ஓடவிட்டும் பார்க்க வேண்டும்: வெயில் லென்ஸ் வழியே குவிந்து திரையைச் சுட்டுவிட்டால், மாறாத ஒரு கறையாக அது தெரியும், அதைச் சரிசெய்ய முடியாது.

ஏற்கெனவே இப்படி யாரையாவது அழைத்து அமைத்துக்கொண்டவர்கள் இன்றே உங்கள் கணினியைத் திறந்து பாருங்கள். அமைப்புகளில் சிஸ்டம், அபவுட் என்று சென்றால் பதிப்பு தெரியும். அப்டேட் பக்கத்தில் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற வரி இருந்தால், ரெஜிஸ்ட்ரியில் பாலிசிஸ் பகுதிக்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் அப்டேட் என்ற வரிசையில் சென்று, டார்கெட் ரிலீஸ் வெர்ஷன் என்று தொடங்கும் பதிவுகள் உள்ளனவா என்று பாருங்கள். முதலில் திரையைப் படம் பிடித்து வையுங்கள், பிறகு நீக்குங்கள், புகாருக்கு அது தேவைப்படும். சர்வீசஸ் பட்டியலில் விண்டோஸ் அப்டேட் முடக்கப்பட்டிருந்தால் மீண்டும் இயக்குங்கள். தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஏதாவது விட்டுச் செல்லப்பட்டிருக்கிறதா, உங்களுக்குத் தெரியாத பயனர் கணக்கு இருக்கிறதா என்றும் பார்த்து அகற்றுங்கள். அப்டேட்டுகள் நின்றிருந்த காலத்தில் அந்தக் கணினியில் நீங்கள் பயன்படுத்திய கடவுச்சொற்களை, முதலில் மின்னஞ்சலிலும் வங்கியிலும் தொடங்கி, வேறொரு கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள்.