வேர்டுரெஃபரன்ஸ் ஆங்கிலம்–ஸ்பானிய இணைய அகராதி: ஒரு மதிப்புரை

ஸ்பானிய மொழி கற்கத் தொடங்கும் தமிழர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகவே அதற்குள் நுழைகிறார்கள். கையில் இருக்கும் பாடநூலும் அகராதியும் ஆங்கிலத்தை நடுவில் வைத்தே எழுதப்பட்டவை. அப்படி நுழைபவர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் எதைப் பயன்படுத்தலாம் என்று கேட்டால், மைக்கேல் கெலாக் 1999இல் தொடங்கிய வேர்டுரெஃபரன்ஸ் தளத்தின் ஆங்கிலம்–ஸ்பானிய அகராதியையே முதலில் சொல்வேன். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று மனப்பாடம் செய்வதற்கான பட்டியலாக அதைக் கருதினால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

ஸ்பானியச் சொல்லைத் தருவதற்கு முன்பே ஆங்கிலச் சொல்லின் பொருள்களைத் தனித்தனி வரிகளாகப் பிரித்துவிடுவதுதான் இதன் பெரிய பலம். 'கார்னர்' என்று தேடிப் பாருங்கள். இரு தெருக்கள் சந்திக்கும் இடம் என்ற குறிப்போடு ஒரு வரியில் 'எஸ்கினா' நிற்கும். அறையின் உட்பக்க மூலைக்கு 'ரின்கோன்' என்று இன்னொரு வரி இருக்கும். கால்பந்தாட்டத்தின் கார்னர் உதைக்கு வேறு வரி. தமிழருக்கு இந்தப் பிரிப்பு புதிதன்று, ஏனெனில் தெருமுனையையும் அறை மூலையையும் நாம் ஒரே சொல்லால் குறிப்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தது இடையில் நின்ற ஆங்கிலம்தான். ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு, நாம் தமிழில் எதை நினைத்தோமோ அதற்குரிய வரியைத் தேடிப் பிடிப்பதே இந்த அகராதியைப் படிக்கும் முறை. 'யூ' என்ற சொல்லிலும் இதையே காணலாம். 'தூ', 'உஸ்தெத்' ஆகிய இரண்டும் நம் 'நீ', 'நீங்கள்' ஆகியவற்றுக்கு அருகில் வருபவை. ஸ்பெயினில் நெருக்கமானவர்கள் பலரை ஒருசேர விளிக்கும் 'வொசோத்ரோஸ்', அர்ஜென்டினாவில் 'தூ'வின் இடத்தில் வழங்கும் 'வோஸ்' ஆகியவை மட்டுமே நமக்குப் புதியவை.

எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்கும் என்று சொல்லிவிட முடியாது. நீரில் நீந்தும் மீன் 'பெஸ்'; பிடித்துக் கரையேற்றித் தட்டுக்கு வருவது 'பெஸ்காதோ'. நமக்கு இரண்டும் மீன்தான். இத்தகைய இடங்களில் வரியின் தொடக்கத்தில் உள்ள பொருட்குறிப்பையும், கீழே இரு மொழிகளிலும் தரப்படும் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்காமல் அவசரமாக முதல் சொல்லை எடுத்துக்கொள்பவர்கள் தவறாகப் பேச நேரும்.

ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் அருகில் ஆண்பாலா பெண்பாலா என்ற சுருக்கக் குறி உண்டு. 'ஓ'வில் முடிந்தால் ஆண்பால், 'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்று வகுப்பில் கற்ற விதியை மட்டும் நம்பினால், பெண்பாலான 'மானோ'விலும், ஆண்பாலான 'ப்ரொப்லேமா'விலும் சறுக்க நேரிடும் என்பதால் அந்தக் குறியோடு சேர்த்தே சொல்லைப் படிப்பது நல்லது. அதனினும் பயனுள்ளவை வட்டாரக் குறிகள். கணினியை ஸ்பெயினில் 'ஒர்தெனதோர்' என்பார்கள், மெக்சிகோவில் 'கொம்புத்ததோரா' என்பார்கள்; எது எங்கே வழங்குகிறது என்று அகராதி காட்டிவிடுகிறது. ஸ்பெயினில் எடுப்பதற்கும் பேருந்தில் ஏறிச் செல்வதற்கும் நாள்தோறும் புழங்கும் 'கோஹெர்' என்ற வினை, மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் நாலு பேர் நடுவே சொல்லக் கூசும் கொச்சையாகிவிடுகிறது என்பதை நினைத்தால், இந்தக் குறிகளின் அருமை விளங்கும்.

வினைகளின் எல்லாக் கால வடிவங்களையும் ஒரே பக்கத்தில் விரிக்கும் அட்டவணை தனியாக இருக்கிறது. ஒலிப்பையும் கேட்கலாம், ஸ்பானியத் தகரம் ஆங்கில டகரத்தைக் காட்டிலும் நம் பல்லொலிக்கே நெருக்கமானது என்பது ஓரிரு சொற்களைக் கேட்டதுமே தெரிந்துவிடும். காலின்ஸ் அகராதியும் இதே தளத்தில் தனிப் பகுதியாகக் கிடைப்பதால், ஐயம் வந்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

குறைகளும் உண்டு. இலவசத் தளம் என்பதால் விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 'கெட்', 'ரன்' போன்ற ஆங்கில வினைகளைத் தேடினால் வரிகள் நீண்டுகொண்டே போகும். அடிப்படைச் சொற்கள் சில நூறுகூடக் கைவராத நிலையில் இப்பக்கங்களைத் திறப்பவர் மலைத்துப்போவார். அத்தகையவருக்குப் படங்களும் பயிற்சிகளும் கொண்ட எளிய தொடக்கநிலைப் பாடநூலே முதலில் போதும்.

2009இல் ஜெர்மனியிலிருந்து வந்த லிங்குவீ என்ற இணையதளம், இருமொழி ஆவணங்களிலிருந்து இணை வாக்கியங்களை எடுத்துக்காட்டும். அலுவல், சட்டம் சார்ந்த மொழிபெயர்ப்புக்கு அது உதவும். அன்றாடப் பேச்சுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஸ்பானிய மொழியைப் பேணுவதற்காக 1713இல் நிறுவப்பட்ட ஸ்பானிய அரச கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, அதன் 23ஆம் பதிப்பு 2014இல் வெளியானது. அது முழுக்க ஸ்பானியத்திலேயே விளக்கம் தருவதால் இடைநிலையை எட்டியவர்களே அதைப் படிக்க இயலும். அதுவரை, வேர்டுரெஃபரன்ஸில் கிடைத்த ஸ்பானியச் சொல்லை அதே தளத்தில் திருப்பிப் போட்டு ஆங்கிலத்தில் என்னென்ன பொருள்கள் வருகின்றன என்று சரிபார்த்துக்கொண்ட பிறகே வாக்கியத்தில் கையாள்வது பாதுகாப்பானது. அதற்கு அரை நிமிடம்கூடப் பிடிக்காது.