லெகோ 4709: பரணில் கிடந்த 2001ஆம் ஆண்டுக் கோட்டை இன்றைக்கும் பெறுமதியா?

லெகோ 4709, ஹரி பொட்டரின் முதற்படம் வந்த 2001இலேயே வெளியான பிளாஸ்ரிக் கட்டுக்கற் செற், படத்தில் வருகிற மந்திரப் பள்ளியான ஹொக்வார்ட்ஸ் கோட்டை, 682 துண்டுகள். கடைகளில் நின்றுபோய் எவ்வளவோ காலம். பிரிக்காத பெட்டி வைத்திருப்பவர்கள் இணையத்தில் கேட்கிற விலையைப் பார்த்தால் அது விளையாட்டுச் சாமானின் விலையே இல்லை, பிரிக்காமல் வைத்திருந்த பொறுமைக்குக் கேட்கிற கூலி. எனக்குக் கிடைத்தது டென்மார்க்கில் இருக்கிற மாமி வீட்டுப் பரணில் கிடந்த செற். மச்சான் சின்ன வயதில் விளையாடிவிட்டு ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு மூடி வைத்தது. "என்னத்துக்கடா உந்தப் பழசு, திருவிழாக் கடையில இதைவிடப் பெரிசா வாங்கலாமே" என்று போனில் சிரித்தான்.

வாங்கலாம்தான். ஆனால் அந்தப் போலிக் கற்களில் கோட்டை கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலாம் அடுக்குக்கு மேலே சுவர் சரியத் தொடங்கிவிடும். டப்பாவில் இருந்து வந்த இந்தக் கற்கள் இன்றைக்கும் டிக் என்று பொருந்துகின்றன, கழற்ற நகம் நோகிறது. 1958இல் காப்புரிமை பதிந்த அதே பொருத்தத்தை லெகோ இன்னும் மாற்றவில்லை என்பதால், மகள் வைத்திருக்கிற புதுக் கற்களும் இதோடு சேர்கின்றன.

சேகரிக்கிறவர்கள் இதற்கு ஏன் அலைகிறார்கள் என்பதற்கு செற்றோடு வருகிற குட்டி மனிதர்களைப் பார்த்தாலே போதும். எல்லோருக்கும் அந்தப் பழைய மஞ்சள் முகம். 2004இல்தான் படங்களைத் தழுவிய செற்களின் முகங்கள் தோல் நிறத்துக்கு மாறின. இன்னொரு வேடிக்கை, கட்டைக் கால்கள் லெகோவில் 2002இல்தான் வந்தன, ஆகவே இந்தக் கோட்டையில் முதலாம் வருடத்துப் பொடியனான ஹரியும் பள்ளித் தலைமையாசிரியரான கிழவர் டம்பிள்டோரும் ஒரே உயரம்! ஸ்னேப் வாத்தியாரின் தலை இருட்டில் ஒளிரும். கரண்ட் போன இரவில் ரோச் லைற்றைக் கொஞ்சநேரம் அதன்மேல் பிடித்துவிட்டு அணைத்துப் பார்த்தேன், மற்ற முகங்கள் எல்லாம் இருட்டோடு போய்விட, அந்த ஒரு தலை மட்டும் வெளிர்பச்சையாக, கடுகடுத்தபடி நின்றது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது வேலை செய்யும் என்று நான் நினைக்கவில்லை.

கட்டுமானம் என்று பார்த்தால், உண்மையைச் சொல்லப்போனால், சுமார். முன்பக்கம் கோட்டை, பின்பக்கம் திறந்த வெளி, தூண்களில் பெரிய பெரிய துண்டுகள், ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும். 2018இல் வந்த புதிய ஹொக்வார்ட்ஸ் செற்றான 71043ஐப் பார்த்தவர்கள் இதைப் பொம்மை வீடு என்பார்கள். அது 6020 துண்டு, கோபுரம் கோபுரமாக அவ்வளவு வடிவு, எனக்கும் ஆசைதான். ஆனால் கோட்டைக்குள் நிற்கிற ஆட்கள் விரல்நுனியளவு குட்டிச் சிலைகள், கையும் காலும் அசையாது. அதைக் கட்டி முடித்து அலுமாரிக்கு மேலே வைத்தால் வேலை சரி, அப்புறம் தூசி தட்டுவது மட்டும்தான் மிச்சம். 4709இன் பின்பக்கம் திறந்திருப்பதே கையை உள்ளே விட்டு விளையாடத்தான். மகள் அரை மணித்தியாலத்துக்குள் டம்பிள்டோரை மேசையில் படுக்கவைத்துவிட்டாள், அவருக்குக் காய்ச்சலாம்.

எங்களில் கனபேருக்கு இந்த ஏக்கம் கொஞ்சம் வேறு மாதிரி, அதையும் சொல்லவேண்டும். 90களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை காரணமாகப் பற்றரிகூட வராத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள், லெகோ என்பது யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு வெளிநாட்டுப் பிள்ளைகளின் பைகளில் பார்த்த சாமான். அவர்கள் விளையாடியதை நினைத்து ஏங்குகிறார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்து. 1984இல் வந்த இந்தியானா ஜோன்ஸ் படத்தில் கணிசமான பகுதியைக் கண்டிப் பக்கம்தான் எடுத்தார்கள், அந்தப் படத்துக்கான செற் 2009இல் வந்தது, நம்மூரில் போர் முடிந்த அந்த வருடம் யார் பொம்மைக் கோயிலைத் தேடினார்கள்! அதையும் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.

சரி, பழைய செற் வாங்குகிறவர்கள் பார்க்கவேண்டிய விசயங்களுக்கு வருகிறேன். முதலாவது சாம்பல் நிறம். 2004 அளவில் லெகோ தன் சாம்பலை மாற்றியது, பழையது கொஞ்சம் மஞ்சள் கலந்தது, புதியது நீலம் கலந்தது. தொலைந்த துண்டுக்குப் பதிலாகப் புதியதை வைத்தால் சுவரில் ஒட்டுப் போட்டது அப்படியே தெரியும், ஆகவே வாங்கும்போது பழைய சாம்பல் என்று கேட்டு வாங்குங்கள். கூரையின் மங்கல் பச்சைக் கற்கள் ஒன்றிரண்டு குறைந்தாலும் பேசாமல் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கழுவுவது. இது வேறு ஊர்க்காரர் எழுதாத விசயம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது, கேத்திலின் அடியில் படிகிற அதே வெள்ளை, கற்களின் குமிழ்களுக்கிடையிலும் காய்ந்து நிற்கும், கறுப்புக் கற்களில் என்றால் கேட்கவே வேண்டாம். சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு, கடைசி அலசலை மட்டும் மழைத்தண்ணீரிலோ காய்ச்சி வடித்த தண்ணீரிலோ செய்யுங்கள். சூடு 40 பாகைக்கு மேலே போகக்கூடாது. அதைவிட முக்கியம், முற்றத்தில் புழுங்கல் நெல்லுக்குப் பக்கத்தில் பரப்பிவிடாதீர்கள். வெள்ளையும் பழைய சாம்பலும் வெயிலில் மஞ்சளாகும், விறாந்தையின் நிழலில் விசிறிக்குக் கீழே காயவிட்டால் போதும். மனிதர்களின் துணிப் போர்வைகளைக் கழுவவே வேண்டாம், ஓரம் பிரியத் தொடங்கினால் நிற்காது.

என் மதிப்பு: விளையாடுகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு, மனிதர்கள் முழுமையாக இருக்கிற பாவித்த செற் என்றால் நிச்சயம் வாங்கலாம். பெட்டி இல்லாவிட்டால் பரவாயில்லை, செய்முறைப் புத்தகத்தை இணையத்தில் எடுக்கலாம். காட்சிக்கு வைக்கத்தான் என்றால் புதியதுக்குக் காசு சேருங்கள், இது அருகில் நின்றால் ஏழையாகத்தான் தெரியும். குறைகிற துண்டுகளை பிரிக்லிங்க் என்கிற இணையச் சந்தையில் எண் பார்த்து வாங்கலாம், ஆனால் நாலு துண்டுக்கு வருகிற தபால் செலவு துண்டின் விலையைப் பலமடங்கு தாண்டிவிடும். ஒரே விற்பனையாளரிடம் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து, விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரர் வீட்டு முகவரிக்கு அனுப்பச் சொல்வதுதான் மலிவு.