ஜெர்மனியின் நடு ரைன் பள்ளத்தாக்கு: படகா, ரயிலா?

பிங்கனிலிருந்து சாங்ட் கோவார் வரை படகில்தான் போக வேண்டும். கோட்டைகள் நெருக்கமாக நிற்கும் பகுதி இது. காவுப் அருகே ஆற்றின் நடுவிலுள்ள பால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டையைச் சுற்றிலும் பார்க்கப் படகே வசதி. திசையில் கவனம் தேவை: நீரோட்டத்தோடு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், எதிர்த்து வந்தால் இன்னும் நீளும். குளிர்காலத்தில் சேவை மிகக் குறைவு.

ரயில் மலிவு, வேகம். இடக்கரைப் பாதையில் கோப்ளென்ஸ் நோக்கிப் போகும்போது வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள்; ஆறும் எதிர்க்கரை லோரலை பாறையும் தெரியும். வலக்கரை ரயிலோ அந்தப் பாறைக்குள்ளேயே சுரங்கத்தில் நுழைந்துவிடும்! ஆனாலும் மார்க்ஸ்பர்க் கோட்டைக்கு வலக்கரையில்தான் பிரௌபாக்கில் இறங்க வேண்டும். மைன்ஸுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே பாலமே இல்லை. கரை தவறினால் ஃபெரியைத் தேட வேண்டியதுதான்.