ப்ரீமார்ட்டமா, எஃப்எம்இஏ அட்டவணையா? தோட்டக் கூலி ஆப்புக்கு எது?

கம்பம், போடி பக்கமிருந்து விடியலில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களின் வருகை, காய் எடை, கூலி மூன்றையும் பதிவு செய்யும் ஆப் ஒன்றை எங்கள் சின்னக் குழு செய்துகொண்டிருக்கிறது. பாதித் தோட்டங்களில் சிக்னல் கிடையாது. அதனால் கோடிங்கைத் தொடும் முன்பே என்னென்ன கெட்டுப்போகும் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு முறைகளைப் பார்த்தோம்: பாகம் பாகமாகப் பழுதுகளைப் பட்டியலிட்டு மதிப்பெண் போடும் எஃப்எம்இஏ அட்டவணை, வேலை தோற்றேவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் தேடும் ப்ரீமார்ட்டம். நான் ப்ரீமார்ட்டம் கட்சி.

எஃப்எம்இஏ மூத்தது. அமெரிக்க ராணுவம் 1949-இல் எழுதிவைத்த நடைமுறையிலிருந்து வந்தது. ஒவ்வொரு பாகமாக எடுத்து, அது எப்படியெல்லாம் பழுதாகும், விளைவு என்ன, காரணம் என்ன என்று வரிசையாக எழுத வேண்டும். பிறகு தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் சிரமம் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். மூன்றையும் பெருக்கி, பெரிய எண் வருவதை முதலில் சரிசெய்வார்கள்.

இதன் பலம் விடாப்பிடி. எடைக் கட்டத்துக்கு வந்தால் ‘பச்சைக்காயா, உலர்ந்த காயா’ என்று கேட்காமல் நகர முடியாது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் 1 கிலோ என்பதால் அது சின்னக் குழப்பம் இல்லை. 1999-இல் நாசாவின் செவ்வாய் விண்கலம் ஒன்று தொலைந்ததே, ஒரு மென்பொருள் பவுண்டு கணக்கில் கொடுத்த எண்ணை இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டதால்தான்.

ஆனால் அந்தப் பெருக்கல் எனக்கு ஒத்துவரவில்லை. சிக்னல் போவதற்கு 3, 10, 2 என்று போட்டால் 60. ஒருவரின் வாரக் கூலிப் பதிவே அழிவதற்கு 10, 2, 3 என்று போட்டால் அதுவும் 60. இரண்டும் ஒன்றா? வாகனத் தொழிலுக்கான 2019 கையேடே இந்தப் பெருக்கலைக் கைவிட்டுவிட்டது. எண் தரும் தெம்பும் ஆபத்து. தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரத்துக்கு 1983-இல் செய்த பாதுகாப்பு ஆய்வு வேறு முறையிலானது. அதிலும் கணினி தவறான ஆற்றலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக்கு நுண்ணிய ஓர் எண் போட்டிருந்தார்கள், மென்பொருள் பிழைகளைக் கணக்கிலேயே எடுக்காமல். 1985 முதல் 1987-க்குள் 6 நோயாளிகள் மீது அளவுக்கு மீறிய கதிர்வீச்சு பாய்ந்தது.

ப்ரீமார்ட்டத்தைப் பரவலாக்கியவர் உளவியலாளர் கேரி கிளைன், 2007-இல் எழுதிய கட்டுரை மூலம். ஆப் வெளியாகி, ஊத்தி மூடியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் என்று ஆளுக்கொரு தாளில் எழுத வேண்டும். அவ்வளவுதான். “இது ஓடுமாண்ணே?” என்று கேட்டால் எங்கள் பக்கம் மரியாதைக்கு “ஓடும் தம்பி” என்றுதான் பதில் வரும். “படுத்துருச்சு, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறப்பார்கள். எழுத வராதவர்கள் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டோம்.

கங்காணி சொன்னது: “ஒரே ஜீப்புல நாலு முத்துலட்சுமி வருது தம்பி. ஒருத்தி காசு இன்னொருத்திக்குப் போயிருச்சு.” எடை போடும் அக்கா சொன்னது: “சேமிக்குறதை அமுக்குனா சுத்திக்கிட்டே இருந்துச்சு. மறுபடி அமுக்குனேன். ரெண்டு எடை ஏறிருச்சு.” இந்த இரண்டாவது நாங்கள் அறைக்குள் இருந்தே யோசித்திருக்கக்கூடியதுதான். முதலாவதற்கு அட்டவணையில் ஒரு வரி கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி அடையாள எண் உருவாகிறது. அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகச் சேர்ப்பதில்லை. பெயரோடு போட்டோவும் வருகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம்கூட இல்லை, பராமரிப்பு. அட்டவணை நட்ட அன்றைக்கு அழகாக இருக்கும். அப்புறம் முன்பணம் பிடிக்கும் வசதி வந்தது. அது கூலி, வருகை, சனிக்கிழமைப் பட்டுவாடா எல்லாவற்றையும் தொடுகிறது. அப்படியென்றால் பழைய வரிகளின் மதிப்பெண் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற குழுவில் அதற்கென்று ஓர் ஆள் கிடையாது. பார்க்காமல் விட்டால் பழைய எண் புதிய எண்ணைப் போலவே அமைதியாக உட்கார்ந்திருக்கும், அது பொய்யாகிவிட்டது என்று யாருக்கும் தெரியாது.

ப்ரீமார்ட்டத்தில் பராமரிக்க ஆவணமே இல்லை. ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்கு முன்னும் டீ சொல்லிவிட்டு மறுபடி உட்கார வேண்டியதுதான். கிடைத்த காரணங்களில் முடிந்ததையெல்லாம் டெஸ்ட்டாக, அதாவது ஆப்பைத் தானாகச் சரிபார்க்கும் சின்ன நிரலாக, எழுதிவிடுகிறோம். இரட்டை எடை மறுபடி ஏற வழி பிறந்தால் டெஸ்ட் அன்றைக்கே சிவப்பு காட்டும். அட்டவணை வரிகளையும் டெஸ்ட்டாக்கலாமே என்றால், ஆக்கலாம். மதிப்பெண் வேலை அப்படியே மிச்சம் நிற்கும்.

கூட்டத்தில் யார் இல்லையோ அவர்களுடைய பயமும் இருக்காது என்பது ப்ரீமார்ட்டத்தின் ஓட்டை. தோட்ட முதலாளி பக்கத்திலிருந்து இதுவரை யாரும் உட்காரவில்லை, மலையாளத்தில் பெயர் உள்ளிடும்போது என்ன ஆகும் என்பதை நாங்களாகத்தான் ஊகித்தோம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் நான்சி லெவ்சன் உருவாக்கிய எஸ்டிபிஏ என்ற மூன்றாவது முறையும் உண்டு, பாகங்கள் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் விதத்தில் ஆபத்தைத் தேடுவது. அதைப் படித்ததோடு சரி, வேலையில் பயன்படுத்தியதில்லை, அதனால் ஒப்பிடவில்லை. நாளைக்கே தோட்டத்து உலர்த்தும் கூடத்தில் காய் உலர்த்தும் சூட்டை இந்த ஆப் கட்டுப்படுத்த வேண்டும் என்று யாராவது கேட்டால், தீ சம்பந்தப்பட்ட அந்த ஒரு பகுதிக்கு மட்டும் அட்டவணை போடுவேன், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் சேர்த்துக் கேட்பேன்.