ஆபரேஷனுக்கு முன்னால் எடுக்கும் ரத்தம்

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று ஆபரேஷன் என்று முடிவானதும் இங்கிலாந்திலிருந்து லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அம்மா இப்போது வாக்கர் இல்லாமல் நடக்கிறார். சர்ஜன், மயக்க டாக்டர், பிசியோதெரபி சொல்லிக் கொடுத்த பெண் என்று யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஆபரேஷனுக்கு முன்பு செய்த பரிசோதனைகளைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. பெற்றோரை ஆபரேஷனுக்கு அழைத்துப் போகப்போகிற எல்லோருக்கும் அது உதவும்.

அட்மிஷன் அன்றே லேபிலிருந்து ஒரு தம்பி ட்ரேயோடு வந்தார். "கையை நீட்டுங்கம்மா" என்றார், அம்மாவும் நீட்டினார். ட்ரேயில் கிடந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின், சர்க்கரை, கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரம். அதற்குக் கீழே வேறு பேனாவில் மூன்று: எச்.ஐ.வி., எச்.பி.எஸ்.ஏஜி., எச்.சி.வி. கடைசி இரண்டும் ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளைக் கண்டுபிடிக்கும் சோதனைகள். அம்மாவுக்கு இதில் எதற்கும் அறிகுறி கிடையாது.

"இது எதுக்கு சிஸ்டர்?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"எல்லாருக்கும் எடுக்கிறதுதான் சார். இது இல்லாம தியேட்டர்ல கேஸ் எடுக்க மாட்டாங்க."

அம்மாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அட்மிஷன் படிவத்தில் பத்தோடு பதினொன்றாக ஒரு வரி இருந்ததாம், அதில் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தாராம். என்ன டெஸ்ட் என்று அம்மாவுக்கு விளக்கியதே நான்தான்.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, எச்.ஐ.வி. சோதனை செய்வதற்கு முன்னால் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும். சிகிச்சை வேண்டுமானால் இந்த டெஸ்ட் எடுத்தே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. முடிவு பாசிட்டிவ் என்பதற்காகச் சிகிச்சையை மறுக்கவும் கூடாது. நாட்டில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதைக் கண்டறிந்தவர்கள் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள மாநிலத்தில் இது இன்னும் சரியாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை.

நான் இருக்கும் இங்கிலாந்தில், ஆபரேஷன் என்ற ஒரே காரணத்துக்காக எல்லோருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுப்பதில்லை. எல்லா நோயாளியின் ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே நினைத்துக் கையாள வேண்டும் என்பதுதான் விதி. தவறிப்போய் ஊசி குத்திவிட்டால், அந்த நோயாளியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு டெஸ்ட் எடுப்பார்கள்.

சரி, இங்கே ஏன் முன்கூட்டியே எடுக்கிறார்கள்? டியூட்டி டாக்டர் ஒருவர், சின்னப் பையன், ஒளிக்காமல் சொன்னார். "பயம்தான் சார். ஊசி குத்திட்டா எச்.ஐ.வி. வராம இருக்க 28 நாள் மாத்திரை சாப்பிடப்போறது நாங்கதானே?" அவருடைய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. குத்தக்கூடிய கூரான கருவிகளோடு நாள் முழுக்க வேலை செய்பவர் அவர். ஆனால் கணக்கைப் பார்த்தால் பயம் வேறு பக்கம் இருக்க வேண்டும். தொற்றுள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்.ஐ.வி. பரவும் வாய்ப்பு சுமார் 1000-க்கு 3. ஹெபடைட்டிஸ் சி 100-க்கு 2-ஐத் தாண்டாது. ஹெபடைட்டிஸ் பி-யில்தான், தடுப்பூசி போடாதவருக்கு 100-க்கு 30 வரைகூடப் போகலாம். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது, மூன்றே டோஸ். எச்.ஐ.வி.க்கும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

இன்னொன்று, நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தாலும் முழுசாக நம்பிவிட முடியாது. புதிதாகத் தொற்றியவருக்கு நல்ல லேப் சோதனையில்கூட 45 நாள் வரை எதுவும் தெரியாமல் இருக்கலாம். தாளில் நெகட்டிவ் என்று பார்த்துவிட்டு ஒருவர் கண்ணாடி போடாமல், ஊசியை மறுபடி மூடியால் மூடப் பார்த்தால் ஆபத்து அவருக்குத்தான்.

அம்மாவின் அறையைத் துடைக்க வந்த அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். காலையில் தியேட்டர் பக்கம் வேலை, மதியம் வார்டு. ரத்தம் தோய்ந்த துணி, கழிவுப் பை எல்லாம் அவர் கையில்தான். ஹெபடைட்டிஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "ஒரு ஊசி போட்டாங்க தம்பி, அப்புறம் காண்ட்ராக்ட் மாறிடுச்சு." எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று சோதனை எடுத்து பில்லில் சேர்க்கிற இடத்தில், அதிக ஆபத்தில் இருக்கிற பெண்ணுக்கு மீதி இரண்டு டோஸ் போட ஆள் இல்லை.

இந்தச் சோதனைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும் பல வருஷம் ஒரு அறிகுறியும் காட்டாமல் ஈரலைக் கெடுக்கும், ஆபரேஷனுக்கு எடுத்த டெஸ்டில் தற்செயலாகத் தெரியவந்து பிழைத்தவர்களும் உண்டு. பாசிட்டிவ் என்று வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இன்சூரன்ஸ் கவுன்டரில் என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். பித்தப்பைக் கல்லுக்காக வந்தவர். ஃபைலை நீட்டி, "இதுல என்ன சார் போட்டிருக்கு?" என்றார். எச்.சி.வி. ரியாக்டிவ் என்று இருந்தது, அதாவது ஹெபடைட்டிஸ் சி சோதனையில் பாசிட்டிவ். "இங்க பண்ண முடியாது, மெடிக்கல் காலேஜுக்குப் போங்க" என்பதோடு அவரை அனுப்பிவிட்டார்களாம்.

அந்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை. ஒருகாலத்தில் தொற்றி, தானாகவே குணமானவருக்கும் அது ரியாக்டிவ் என்றுதான் வரும். கிருமி இப்போதும் இருக்கிறதா என்று அறிய வைரல் லோடு டெஸ்ட் எடுக்க வேண்டும். இருந்தால்கூட பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 100-க்கு 95 பேருக்கு மேல் முழுசாகக் குணமாகிறது. 2018-ல் தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "எய்ட்ஸ் மாதிரின்னு நினைச்சுட்டேன் சார்" என்றார். எச்.ஐ.வி.க்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு ஹெபடைட்டிஸ் நோயாளிக்கு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. 2017 சட்டம் எச்.ஐ.வி.யோடு நின்றுவிடுகிறது.

அதே சமயத்தில் பெரியப்பாவுக்கு ஜி.எச்.சில் குடலிறக்க ஆபரேஷன். அங்கே கூட்டம், காத்திருப்பு எல்லாம் உண்டு. ஆனால் எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு நம்பிக்கை மையத்துக்கு, அதாவது அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு அனுப்பினார்கள். சின்ன அறைதான், கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசகர் பெரியப்பாவை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். என்ன டெஸ்ட், ஏன் எடுக்கிறோம், முடிவு எப்படி வந்தாலும் ஆபரேஷன் நிற்காது என்று சொல்லி, "எடுத்துக்கலாமாய்யா?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ரிசல்ட் கேட்டு நான் போனபோது, "அவரையே வரச் சொல்லுங்க சார், அவர் கையிலதான் தருவேன்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சந்தோஷமாகத் திரும்பினேன். பைசா வாங்காமல் செய்கிற இந்த வேலையைப் பணம் வாங்குகிற இடமும் செய்யலாம்.

அம்மாவின் லிஸ்டில் இல்லாத ஒரு டெஸ்ட்டும் உண்டு. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் குடியிருக்கும். செயற்கை மூட்டு வைக்கும்போது அது உள்ளே போனால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம். இங்கிலாந்தில் இதே பாக்டீரியாவின் மருந்துக்கு அடங்காத வகைக்காக, ஆபரேஷனுக்கு முன் மூக்கிலும் தொடை இடுக்கிலும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். மூக்கில் இது இருப்பது தெரிந்தவர்களுக்கு இதய, எலும்பு ஆபரேஷன்களுக்கு முன் முப்பிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு தடவ வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது. சர்ஜனிடம் கேட்டேன். தயங்காமல் எடுத்துவிடலாம் என்றார். பாசிட்டிவ் வந்தது. ஐந்து நாள் காலையும் மாலையும் மூக்கில் களிம்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் குளியல், அதன் பிறகு ஆபரேஷன். எரிச்சல், வாடை என்று அம்மா முனகினாலும் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று புரிந்ததால் அம்மாவே நேரம் பார்த்து டியூபை எடுத்துக் கொடுத்தார்.

சிறுநீர் கல்ச்சரும் எடுத்தார்கள், அதில் ஏதோ கிருமி வளர்ந்தது. அம்மாவுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லை. சிறுநீர்ப் பாதை சம்பந்தப்படாத ஆபரேஷனுக்கு, அறிகுறி இல்லாதவரிடம் இதைத் தேடி ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டாம் என்று 2019-ல் அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கம் சொல்லியிருக்கிறது. சர்ஜனும் அதையே சொல்லி மருந்தை நிறுத்திவிட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சோதனைக்குத் தனிப் படிவம், அதை விளக்கிச் சொல்ல ஓர் ஆள், பாசிட்டிவ் வந்தால் எங்கே போக வேண்டும் என்று எழுதிய சீட்டு, துப்புரவுப் பணியாளர்களுக்கு மூன்று டோஸும் முடித்த கணக்கு. உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் லேப் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். எச்.ஐ.வி. சோதனை பற்றிச் சந்தேகம் இருந்தால் 1097-க்குக் கூப்பிடலாம், அது இலவச எண்.