சந்தா கட்டும் ஆபீஸா, லிப்ரே ஆபீஸா?

பிரிக்பீல்ட்ஸில் என் தங்கை டியூஷன் நடத்துகிறாள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் மென்பொருளுக்குக் கட்டிய சந்தா முடிந்ததும் அவள் அதில் எழுதிய வினாத்தாளை அவளாலேயே திருத்த முடியவில்லை. திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். தன் எழுத்துக்கே வாடகையா என்று எனக்குக் கோபம் வந்தது.

அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸில் அந்தப் பூட்டு இல்லை. 2010இல் ஓப்பன் ஆபீஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது அது. யாரும் பயன்படுத்தவும் பகிரவும் மாற்றவும் விடும் மொசில்லா பொது உரிமம் 2.0இல் வருவதால் எத்தனை கணினியிலும் போடலாம், பிள்ளைகளுக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம், தெரிந்தவர்கள் மூலநிரலையே மாற்றலாம். அது கோப்புகளைச் சேமிக்கும் ஓடிஎஃப் வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ என்னும் உலகத் தர அமைப்பின் தரமானது. வேறு மென்பொருளிலும் திறக்கும்.

சரி, குறை? பள்ளியிலிருந்து வரும் டாக்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் வேர்டின் வடிவம்) கோப்புகளில் அட்டவணை சில நேரம் நகர்ந்துவிடும். ஒரே கோப்பில் பலர் சேர்ந்து எழுதவும் சந்தா மென்பொருள்தான் வசதி. தங்கைக்கு அது தேவைப்படவில்லை. லிப்ரேவைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.