கர்னாலா, ஆனந்தா?

பால் அறிவியல் படிக்க நினைப்பவர்கள் அதிகம் ஒப்பிடுவது இந்த இரண்டு ஊர்களின் கல்வி நிறுவனங்களைத்தான்.

கர்னாலின் தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் 1923-இல் பெங்களூருவில் தொடங்கியது. 1927-இல் காந்தியே அங்கே மாடு வளர்ப்புப் பாடம் கேட்கப் போனார்! 1955-இல் தலைமையகம் இன்றைய ஹரியானாவிலுள்ள கர்னாலுக்கு மாறியது. 1990-இல் உலகின் முதல் சோதனைக் குழாய் எருமைக்கன்று, 2009-இல் குளோனிங் கன்று 'கரிமா' என, ஆராய்ச்சியில் இதன் பக்கம்தான் கனம்.

குஜராத்தின் ஆனந்த் பால் அறிவியல் கல்லூரி 1961-இல் வந்தது. அமுல் பக்கத்திலேயே இருக்கிறது. வளாகத்திலுள்ள வித்யா டெய்ரியில் மாணவர்கள் பாலைப் பதப்படுத்தி, ஐஸ்கிரீம் தயாரித்துப் பழகுகிறார்கள். அங்கே தயாராவது விற்பனைக்கும் போகிறது. வெறும் செய்முறைப் பயிற்சி அல்ல.

முனைவர் பட்டம்வரை போகும் எண்ணமா, கர்னால். படித்ததும் ஆலை வேலையா, என் ஓட்டு ஆனந்துக்கு.